மயிலாப்பூரில் பதினேழு நொடி

கண் ஆபரேஷனுக்காகச் சென்னைக்கு வருகிற யாரும் ஊர் சுற்றிப் பார்க்க வருவதில்லை. நாங்களும் அதற்காக வரவில்லை. ஆனால் புதன்கிழமை பரிசோதனை, வியாழக்கிழமை ஆபரேஷன் என்று டாக்டர் நாள் குறித்துக் கொடுத்ததில், பரிசோதனைக்கு முன்னும் பின்னுமாக ஒரு பகல் கையில் மிஞ்சியது. அந்த ஒரு பகலில் மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் மூன்றையும் சுற்றிவிட்டு மறுபடி மயிலாப்பூருக்கே வந்து சேர்ந்தோம். இதே வேலையாக வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று நேரம், தூரம், செலவு எல்லாம் எழுதியிருக்கிறேன். நடுநடுவே என் புராணமும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண் என்னுடையது இல்லை, என் மனைவி வசந்தாவுடையது. வயது ஐம்பத்தாறு. கிளாக்கோமா என்று ஒரு வியாதி. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். வலிக்காது, சிவக்காது, ஒன்றும் காட்டிக்கொடுக்காது. இடது கண் போன பிறகுதான் போய்விட்டது என்றே எங்களுக்குத் தெரிந்தது. வலது கண்ணில் நடுவில் மட்டும் ஒரு வட்டம் மிச்சம் இருக்கிறது. ஒரு பிவிசி குழாயைக் கண்ணில் வைத்துக்கொண்டு உலகத்தைப் பார்த்தால் எப்படி இருக்குமோ, அவளுக்கு அப்படித்தான் தெரியும். ஆபரேஷன் செய்தால் அந்த வட்டம் தங்கும், போனது திரும்பாது. செய்யாவிட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும். செய்கிறபோதே போய்விடுகிற ஆபத்தும் கொஞ்சம் உண்டு என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்.

அது மூன்று மாதத்துக்கு முன்னால், சென்னையில். அன்றைக்குத் திருச்சி திரும்பி வீட்டுக் கதவைத் திறக்கும்போது வசந்தா சொன்னாள்: “அதுக்கு முன்னாடி கற்பகாம்பாள் மொகத்த ஒரு தடவ பாத்துடணும்ங்க.”

எனக்குப் புரியவில்லை. அவள் பிறந்து வளர்ந்ததே மயிலாப்பூர்தான். அப்பா ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவர். கல்யாணமாகித் திருச்சிக்கு வரும்வரை தினம் கோயிலுக்குப் போனவள். “இருபத்திரெண்டு வருஷம் பாக்காத மொகமா?” என்றேன்.

“பாத்ததே இல்லைங்க. தீபாராதனை ஆகுறப்ப கண்ண மூடிக்குவேன்.”

மற்ற நேரமெல்லாம் உள்ளே இருட்டு. தீபம் மேலே ஏறி முகத்தருகே நிற்கிற அந்தச் சில நொடிதான் முகம் தெரியும். அந்த நேரம் பார்த்துக் கையைக் கூப்பிக் கண்ணை மூடிவிடுவாள். “சாமிய மொறச்சுப் பாக்காத, கண்ண மூடிக் கும்புடு” என்று அப்பா மண்டையில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்ததாம். யோசித்துப் பாருங்கள், நம்மில் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் செய்கிறோம். இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, கம்பியில் இடிபட்டு, செருப்பைத் தொலைத்து, கடைசியில் திரை விலகுகிற நொடியில் கண்ணை இறுக மூடிக்கொள்கிறோம். எதைப் பார்க்கப் போனோமோ அதைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வருகிறோம்!

நான் மூடமாட்டேன். இது பெருமை இல்லை, தொழில் தோஷம். முப்பத்தொரு வருஷம் பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்தவன். எது எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை நிமிஷம் நின்றது என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. கோயிலிலும் தீபம் எத்தனை நொடி காட்டினார்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பேன். “உங்களுக்குப் பக்தியும் கிடையாது, பயமும் கிடையாது” என்பாள் வசந்தா. எனக்கும் அதில் ஆட்சேபணை இருந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ரயிலில் திருச்சியிலிருந்து கிளம்பினோம். ஐந்தேகால் மணி நேரம். இரண்டாம் வகுப்பு இருக்கை ஒருவருக்கு 145 ரூபாய். எழும்பூரிலிருந்து மயிலாப்பூருக்கு ஆட்டோ 220. கோயிலுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் லாட்ஜ் அறை, நாளுக்கு 1,350. கட்டில் சத்தம் போடும், ஆனால் குளியலறை சுத்தம். பார்வை குறைந்தவர்களைக் கூட்டிவருகிறவர்கள் கட்டாயம் தரைத்தள அறையாகக் கேளுங்கள். நாங்கள் கேட்க மறந்து இரண்டாம் மாடி கிடைத்தது. ஒவ்வொரு படியையும் எண்ணி எண்ணி ஏற்றினேன். முப்பத்தாறு படி.

புதன்கிழமை காலை ஆறு நாற்பதுக்குக் கோயிலுக்கு நடந்தோம். சுமார் 350 மீட்டர். மெட்ரோ வேலைக்காக மயிலாப்பூரில் அங்கங்கே தகரத் தடுப்பு வைத்திருப்பதால் சில தெருக்களில் சுற்றிப் போக வேண்டியிருக்கும். வசந்தா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே வந்தாள். குழாய் வழியே பிறந்த ஊரைத் துண்டு துண்டாகப் பார்க்கிறாள். “இங்க ஒரு பாத்திரக்கடை இருந்துச்சே?” என்பாள். அது கடந்து இருபதடி ஆகியிருக்கும்.

மாட வீதி முனையில் ஒரு பூக்கார அம்மாவிடம் மல்லிகை வாங்கினோம். முழம் நாற்பது. வசந்தா பூவுக்குக் கை நீட்டியபோது கை பூவுக்கு அரையடி தள்ளிப் போனது. அந்தம்மா கவனித்துவிட்டார்.

“இன்னாம்மா, கண்ணு தெர்லியா?”

“கொஞ்சம் தெரியுதுக்கா. நாளைக்கு ஆபரேஷன்.”

“அப்ப வர்சைல நின்னு லோல்படாத. அம்பா சந்நிதில எடது பக்கமா ரெண்டாவது தூணு கீது பாரு, அதாண்ட போய் நின்னுக்கோ. அங்கேர்ந்து பாத்தா மொகம் நேரா தெரியும்.”

இந்தக் கட்டுரையில் உங்களுக்கு உபயோகமான ஒரே ஒரு தகவலை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால் அந்தத் தூணை எடுத்துக்கொள்ளுங்கள். சொன்னபடியே போய் நின்றோம். புதன்கிழமை என்பதால் கூட்டம் குறைவு. ஏழு இருபதுக்குத் திரை போட்டார்கள். உள்ளே அலங்காரம் நடந்தது. ஏழு நாற்பத்தொன்றுக்கு மணி அடித்தது, திரை விலகியது, தீபம் ஏறியது. அடுக்கு தீபம் ஒரு சுற்று, அப்புறம் ஒற்றைத் தீபம் முகத்துக்கு நேரே. முகத்தில் வெளிச்சம் நின்றது பதினேழு நொடி.

திரும்பி வசந்தாவைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள்!

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. “மூணு மாசமா அம்பாள் மொகம் அம்பாள் மொகம்னு என் உசுர எடுத்த. இதுக்கா முந்நூத்தி சொச்சம் கிலோமீட்டர் வந்தோம்?” என்று பிராகாரத்திலேயே கத்திவிட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“தொறந்துதாங்க வச்சிருந்தேன். மணி அடிச்ச ஒடனே தானா மூடிக்கிச்சு” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணை ஒற்றினாள். அதற்கப்புறம் நான் கத்தவில்லை.

ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். சாயங்காலம் மறுபடி வருவது, நான் பக்கத்தில் நின்று அவள் முழங்கையைப் பிடித்துக்கொள்வது, மணி அடித்தவுடன் நறுக்கென்று கிள்ளுவது. “வலிக்கிற மாதிரி கிள்ளுங்க” என்றாள். “அதுக்கென்ன, முப்பத்திநாலு வருஷப் பாக்கி” என்றேன்.

காலை டிபன் இரண்டு பேருக்கும் சேர்த்து 170. பொங்கல் நன்றாக இருந்தது, சாம்பார் இனிப்பு. ஒன்பது ஐந்துக்கு அடையாறு கிளம்பினோம். மருத்துவமனை அங்கேதான். திருமயிலையிலிருந்து கஸ்தூரிபா நகருக்குப் பறக்கும் ரயிலில் ஐந்து ரூபாயில் போய்விடலாம். ஆனால் படிகள் அதிகம், பார்வை குறைந்தவர்களுக்குச் சரிப்படாது. ஆட்டோதான் நல்லது. சுமார் ஐந்து கிலோமீட்டர். ஆட்டோக்காரர் இருநூறு கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வசந்தா பேரத்தில் இறங்கிவிட்டாள்.

“இன்னாப்பா, இம்மாந்தூரத்துக்கு எரநூறா? நான் இந்த ஊருதான், தெரிஞ்சிக்கோ.”

முப்பத்துநாலு வருஷம் திருச்சியில் ‘என்னங்க, ஏதுங்க’ என்று இருந்தவள். ஆட்டோவைக் கண்டதும் பழைய ஊர் நாக்கில் வந்து உட்கார்ந்துவிட்டது. 140-க்குப் படிந்தது.

ஏழுமலை என்று பெயர் சொன்ன அந்த ஆட்டோக்காரரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிள்ளையார் கோயிலைக் கண்டால் கையை எடுத்து நெஞ்சில் வைப்பார். மாதா கெபியைக் கண்டால் எடுப்பார். தர்காவின் பச்சைக்கொடி தெரிந்தாலும் எடுப்பார். மந்தைவெளி தாண்டுவதற்குள் ஏழு முறை எடுத்துவிட்டார். அதுவும் தலையைக்கூடத் திருப்பாமல், ரோட்டையே பார்த்துக்கொண்டு. நான் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“என்னப்பா, சாமி எந்தப் பக்கம் இருக்குன்னுகூடப் பாக்காம கும்புடுற?”

“பாத்துக் கும்புட்டா வண்டி இட்ச்சிரும் சார். அது நம்மளப் பாத்துகினுதான கீது, போதும்.”

அடையாற்றுப் பாலத்தில் எட்டாவது முறை கையை எடுத்தார். அங்கே கோயில் எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. கேட்டேன். ஆற்றோரமாகத்தான் அவர் வீடு முன்பு இருந்ததாம். எல்லாரையும் ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவர்கள் கும்பிட்ட அம்மன் மட்டும் கரையோரம் மரத்தடியில் இருக்கிறதாம். “வூடு போச்சு, அது போவல சார். டெய்லி இந்தப் பாலத்துல போறப்ப ஒரு கும்புடு. அதுக்கும் யாரு கீறா?” என்றார். வசந்தா தலையைத் திருப்பித் திருப்பி அந்த மரத்தைத் தேடினாள். வட்டத்துக்குள் அது அகப்படுவதற்குள் பாலம் முடிந்துவிட்டது.

மருத்துவமனையில் ஒன்பது நாற்பதிலிருந்து பன்னிரண்டு ஐம்பது வரை ஆனது. பழைய ரிப்போர்ட், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டு போங்கள், அரை மணி நேரமாவது மிச்சமாகும். கண்ணுக்குச் சொட்டு விட வந்த நர்ஸ் ஒரு சின்னப் பெண். சொட்டு மருந்து கிட்டே வரும்போதெல்லாம் வசந்தாவின் கண் மூடிக்கொண்டது. மூன்று முறை மருந்து கன்னத்தில் வழிந்தது. “மன்னிச்சிக்கம்மா” என்றாள் வசந்தா. “கிட்ட வந்தா மூடத்தாம்மா செய்யும், கண்ணோட கொணம் அது” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் பொறுமையாக இமையைத் தூக்கிப் பிடித்து விட்டாள்.

அப்புறம் சம்மதப் படிவம். பார்வை போகவும் வாய்ப்புண்டு என்கிற வரியை நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போடுகிற கோட்டை வசந்தாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்தேன். போட்டாள். சாட்சிக்கு நான் போட்டேன். என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியாத மாதிரி விழுந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு தி.நகர். ஆறரை கிலோமீட்டர், ஆட்டோ 180. எதற்கு என்றால், வெள்ளிக் கண்மலர் வாங்க. கண் நோவு தீர வேண்டும் என்று அம்மனுக்குச் செலுத்துகிற கண் வடிவத் தகடு அது. மயிலாப்பூரிலேயே கிடைத்திருக்கும். “நல்ல கனமா தி.நகர்லதான் கெடைக்கும்” என்று அவளுக்கு ஒரு எண்ணம். ஒரு ஜோடி 950 ரூபாய்க்கு வாங்கினோம். கடைக்காரர் ரோஸ் நிறத் தாளில் மடித்துக் கொடுத்தார். அதோடு திரும்பியிருக்க வேண்டும்.

திரும்பவில்லை. பஸ் நிலையத்திலிருந்து மாம்பலம் ரயில் நிலையம் வரைக்கும் மேலேயே போகிற ஆகாய நடைபாதையை ‘ஒரு நடை பார்த்துவிடுவோம், எழுத உதவும்’ என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். அந்தப் பக்கம் இறங்கினால் ரங்கநாதன் தெரு. அங்கே கிழமையெல்லாம் கிடையாது, புதன்கிழமையும் தீபாவளிதான். தெரு முழுக்கத் தலை. ‘இதைப் படம் எடுத்தே ஆக வேண்டும்’ என்று தோன்றியது. வசந்தாவின் கையை விட்டேன். போனைத் தூக்கிப் பிடித்து இரண்டு படம் எடுத்தேன். திரும்பினேன். அவள் இல்லை.

மணி மூன்று ஆறு.

அவள் போன் என் பையில். அவளுக்குத் தெரிவது ஒரு குழாய் அகலம். பக்கத்தில் வருகிற ஆளும் தெரியாது, காலடியில் இருக்கிற கல்லும் தெரியாது. “வசந்தா! வசந்தா!” என்று கத்தினேன். அந்தத் தெருவில் எல்லாருமே எதையாவது கத்திக்கொண்டுதான் இருந்தார்கள். “நூறு, நூறு, எது எடுத்தாலும் நூறு” என்கிற குரலுக்கு முன் என் குரல் எங்கே கேட்கும்? ரயில் நிலையம் வரை ஓடினேன். திரும்பி ஓடிவந்தேன். அவளைப் போலப் பச்சைப் புடவை கட்டிய பெண்களையெல்லாம் தோளைத் தொட்டுத் திருப்பினேன். ஒரு பெண் அடிக்கவே வந்துவிட்டாள். அவளிடம் மன்னிப்புக் கேட்கக்கூட நேரமில்லை. கடவுளே, கடவுளே என்று வாய் சொன்னது. எந்தக் கடவுள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

மணி மூன்று பதிமூன்றுக்குப் பார்த்தேன். நான் படம் எடுத்த இடத்திலிருந்து பத்தடி இருக்காது. நைட்டி அடுக்கி வைத்திருந்த ஒரு தள்ளுவண்டிக்குப் பின்னால், மூடியிருந்த கடையின் ஷட்டரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தாள். கையில் அந்த ரோஸ் தாள் பொட்டலம். கண் இரண்டும் மூடியிருந்தன.

கையைப் பிடித்ததும் கண்ணைத் திறக்காமலே, “வந்துட்டீங்களா?” என்றாள்.

“ஏன் கண்ண மூடிட்டு நிக்குற? தேட வேண்டியதுதான?”

“தொறந்தா எல்லாம் துண்டு துண்டா ஓடுது, பயமா இருக்கு. மூடிக்கிட்டா ஒண்ணும் தெரியல, பரவால்ல. நீங்க பக்கத்துலதான இருப்பீங்கன்னு நின்னுட்டேன்.”

பத்தடி. நான் ரயில் நிலையம் வரை ஓடியிருக்கிறேன். அவள் பத்தடியில் நின்றுகொண்டு, நான் பக்கத்தில்தான் இருப்பேன் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். பொது இடத்தில் அழுகிற வழக்கம் எனக்கில்லை என்பதால் பக்கத்துக் கடையில் இரண்டு கரும்புச் சாறு வாங்கினேன். என் டம்ளரில் பாதி சட்டையில்தான் போனது. அந்தப் படம் இரண்டையும் அழித்துவிட்டேன். அதனால்தான் இந்தப் பதிவில் தி.நகர் படம் எதுவும் இல்லை.

மூன்று ஐம்பதுக்கு மயிலாப்பூர் ஆட்டோ. சுமார் நாலு கிலோமீட்டர், கேட்டது 150, பேரம் பேசத் தெம்பில்லாமல் கொடுத்துவிட்டேன். லாட்ஜில் கொஞ்சம் படுத்துவிட்டு ஆறு மணிக்குக் கோயிலுக்குக் கிளம்பினோம்.

பூக்கார அம்மா அதே இடத்தில் இருந்தார். “காலைல பாத்தியாம்மா?”

“இல்லக்கா. கண்ண மூடிட்டேன்.”

“அடப் போம்மா!” என்று அந்தம்மா தொடையில் தட்டிச் சிரித்தார். “நானும் அதே கேஸுதான். இத்தினி வர்சமா இங்க பூ கட்றேன், பூ எப்டி சாத்தினாங்கன்னு கேட்டா சொல்லத் தெரியாது. கும்புட்றப்போ கண்ணு நிக்காது. சாயங்காலமாச்சும் பாரு.” சொல்லிவிட்டு, எங்களிடமிருந்து காசு வாங்காமல் ஒரு சாமந்தியைக் கிள்ளி வசந்தாவின் கையில் வைத்தார்.

கண்மலரை உண்டியலில் போட்டாள். பொட்டலத்தைப் பிரித்து, தகட்டை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டுப் போட்டாள். பிறகு அதே தூண். மாலையில் கூட்டம் காலையைவிட மூன்று மடங்கு. அவளை எனக்கு முன்னால் நிறுத்தி, இரண்டு பக்கமும் கை வைத்து அணை கட்டிக்கொண்டேன். திரை போட்டிருந்தது. அவள் தாடையைப் பிடித்துத் திருப்பினேன்.

“கொஞ்சம் வலது பக்கம். இன்னும் கொஞ்சம். இப்ப மேல. என்ன தெரியுது?”

“செவப்பா துணி. ஜரிகை போட்டிருக்கு.”

“அங்கியே நிறுத்து. அசையாத. அதுக்கு நேர் பின்னாடிதான் மொகம்.”

பக்கத்தில் வந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். கிள்ளுவதற்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தயார். வாட்சைப் பார்த்தேன். ஆறு நாற்பத்தெட்டு. உள்ளே மணி அடித்தது. மேளம் சேர்ந்துகொண்டது. திரை விலகியது.

அதற்கப்புறம் நடந்ததை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. அடுக்கு தீபம் ஏறுவதைப் பார்த்தேன், அவ்வளவுதான். நாளைக்கு இந்நேரம் இவளுக்கு இந்த வெளிச்சம் தெரியுமோ தெரியாதோ என்று ஒரு நினைப்பு வந்தது. ரங்கநாதன் தெருவில் அவளைத் தேடி ஓடிய அந்த ஏழு நிமிஷம் மறுபடி வந்தது. தாயே, அந்த வட்டத்தை எடுத்துக்கொள்ளாதே, எனக்கு வேறு ஒன்றும் தெரியாது, வேறு யாரிடமும் கேட்கத் தெரியாது என்று கேட்டேன். கெஞ்சினேன் என்பதுதான் சரி. எத்தனை நேரம் என்று தெரியவில்லை. மேளம் நின்றபோது என் இரண்டு கையும் தலைக்கு மேல் கூப்பியிருந்தன. கண் மூடியிருந்தது.

காலைத் தீபம் பதினேழு நொடி என்று எழுதினேன். மாலைத் தீபம் எத்தனை நொடி என்று யாரும் கேட்காதீர்கள். தெரியாது.

“நீங்க கிள்ளவே இல்ல” என்றாள் வசந்தா.

“அய்யய்யோ! மறுபடியும் மூடிட்டியா?”

“மணி அடிச்சதும் மூடிட்டேன். கிள்ளுவீங்க கிள்ளுவீங்கன்னு நிக்குறேன், காணோம். கையையும் காணோம். மத்தியானம் மாதிரி விட்டுட்டுப் போய்ட்டீங்களோன்னு பதறிக் கண்ணத் தொறந்தேன். திரும்பிப் பாத்தா நீங்க கையைத் தூக்கிட்டு நிக்குறீங்க. வாய் மொணமொணங்குது. அந்த வெளிச்சம் நேரா உங்க மூஞ்சில விழுந்துச்சு.” என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நல்லா பாத்தேன்.”

“அம்பாள?”

“திரும்புறதுக்குள்ள தீபம் எறங்கிடுச்சு.”

“அடிப்பாவி! அதுக்குத்தான வந்தோம்!”

“போகுதுங்க. எனக்கு இப்ப பயமா இல்ல” என்றாள். சாமந்தியை என் சட்டைப் பையில் வைத்தாள். முகத்தைப் பார்த்தேன். உண்மையிலேயே பயம் இல்லை. மூன்று மாதமாக நெற்றியில் இருந்த அந்தச் சுருக்கத்தைக் காணோம்.

ராயர் வீட்டுக் காபி, மாமி மெஸ் என்று இங்கே சாப்பாட்டைப் பற்றி எழுத எவ்வளவோ இருக்கிறது. எனக்கு அன்றைக்கு ருசி எதுவும் தெரியவில்லை, அதனால் எழுதுவது நியாயமில்லை. படுத்தபின் அந்த நர்ஸ் சொன்னதுதான் சுற்றிச் சுற்றி வந்தது. கிட்டே வந்தால் மூடத்தான் செய்யும். வசந்தாவின் அப்பா சாமியிடம் பயந்து மகளைக் கண்ணை மூடச் சொன்னார் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். பயம் இருந்திருக்கும். ஆனால் தூரத்தில் இருப்பதைக் கண்டு யாரும் கண்ணை மூடுவதில்லை. ரொம்பக் கிட்டத்தில் வந்துவிட்டதால்தான் மூடுகிறோம். அந்த மனிதருக்கு அது தெரிந்திருக்கிறது, அவர் மகளுக்கும் தெரிந்திருக்கிறது. டைம் கீப்பருக்குத்தான் ஐம்பத்தொன்பது வயதாக வேண்டியிருந்தது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மதியம் நடை சாத்தியிருக்கும், மாலை நாலுக்கு மேல் போங்கள். தீபாராதனை நேரம் நாளுக்கு நாள் கொஞ்சம் முன்பின் ஆகும், காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமையும் பிரதோஷமும் நோயாளிகளுக்கு வேண்டாம். ஆபரேஷனுக்குப் பிறகு கூட்டம், தூசி, விபூதி எதுவும் பல வாரங்களுக்குக் கூடாது என்பார்கள், ஆகவே போவதென்றால் முன்னாலேயே போய்விடுங்கள். கண்மலரை மயிலாப்பூரிலேயே வாங்குங்கள். தி.நகர் போயே தீருவேன் என்றால் கையை விடாதீர்கள். அவர்கள் போன் அவர்களிடமே இருக்கட்டும். ஆட்டோக்காரர் கும்பிட்டால் குறுக்கே பேசாதீர்கள். இரண்டு பேருக்கு அந்த ஒரு நாள் செலவு, அறை வாடகையும் வெள்ளியும் சேர்த்து, ஏறக்குறைய மூவாயிரத்து முந்நூறு.

ஆபரேஷன் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு உள்ளே கூட்டிப்போனார்கள். ஒன்பது பத்துக்குக் கட்டுப் போட்டு வெளியே விட்டார்கள். ‘நாளைக்குப் பிரித்தால்தான் தெரியும்’ என்றார் டாக்டர். அந்த ஒரு நாள் முழுக்க அவளுக்கு வெளிச்சமே கிடையாது. சோறு ஊட்டினேன். படி முப்பத்தாறையும் எண்ணிக்கொண்டே ஏற்றினேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டேகாலுக்குக் கட்டைப் பிரித்தார்கள். அதே நர்ஸ் பஞ்சால் துடைத்துவிட்டாள். “தொறங்கம்மா” என்றார் டாக்டர். வசந்தா திறக்கவில்லை. அவள் கை மட்டும் காற்றில் தேடியது.

“என்னங்க, எங்க இருக்கீங்க?”

“பக்கத்துலதான்” என்றேன்.

கண்ணைத் திறந்தாள். முகம் மெதுவாகத் திரும்பியது. கொஞ்சம் வலது பக்கம். இன்னும் கொஞ்சம். அப்புறம் மேலே. என் முகத்தில் வந்து நின்றது.

“பனி மாதிரி இருக்கு. இன்னும் கிட்ட வாங்க” என்றாள்.

போனேன்.

“ரெண்டு நாளா ஷேவ் பண்ணலியா நீங்க?”